தான்சானியா: மிஷன் பள்ளிகளை அரசு எடுத்த பிறகு யார் பள்ளி கட்டினார்கள்?

தாருஸ்ஸலாம்வாசி எழுதியது:

தான்சானியாவின் கல்வி பற்றி இந்தக் குழுவில் துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். ஒரே இடத்தில் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன். 1970-ல் மிஷன் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் எடுத்தார்கள். ஐம்பது வருஷம் தாண்டியும், படிப்பில் பின்தங்கிவிட்டோம் என்ற முஸ்லிம்களின் மனக்குறை ஏன் தீரவில்லை? இதுதான் என் கேள்வி.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பிரிட்டிஷ் ஆட்சி தானே பள்ளி கட்டியது குறைவு. 1920களின் நடுவிலிருந்து மிஷன் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டது. 1961 டிசம்பரில் சுதந்திரம் வந்தபோது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் மிஷன் பள்ளிகளில்தான் இருந்தார்கள். மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயந்து பிள்ளையை அனுப்பாத முஸ்லிம் வீடுகள் ஏராளம். மக்கள்தொகையில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சமம், ஆனால் மேல்நிலைப் பள்ளியில் அந்தச் சமம் இல்லை.

இதை மாற்றியவர் நாட்டின் முதல் ஜனாதிபதி நியெரேரே. அவரே மிஷன் பள்ளிகளோடு வளர்ந்தவர். 1943-ல் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர், தபோராவில் புனித மரியாள் பள்ளியிலும் பிறகு புகுவில் புனித பிரான்சிஸ் கல்லூரியிலும் வாத்தியாராக இருந்தவர். முவாலிமு, அதாவது வாத்தியார் என்றே நாடு அவரை அழைத்தது. 1967-ல் சோசலிசப் பாதையை அறிவித்த அருஷா பிரகடனம், அடுத்த மாதமே சுயசார்புக் கல்வி பற்றிய அவருடைய கட்டுரை, 1969-ல் கல்விச் சட்டம். பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் குருமடப் பள்ளிகளை மட்டும் சபைகளிடம் விட்டுவிட்டு மற்றவற்றை அரசு எடுத்தது. இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் பெயரில் இருந்த ஆண்கள் பள்ளி இன்றைக்குத் தம்பாசா மேல்நிலைப் பள்ளி.

என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்த பள்ளியை அரசு எடுத்துக்கொண்டது. புதிதாகப் பள்ளி கட்டும் திறமையும் பணமும் ஏற்கெனவே யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருந்தன. அரசின் கை தளர்ந்த அன்றைக்கு அவர்கள் மறுபடி கட்டினார்கள். மற்றவர்களிடம் கட்டுவதற்கான அமைப்பே இல்லை.

வரலாற்று மாணவி எழுதியது:

நல்ல தொடக்கம் அண்ணா. ஆனால் கதையை பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கினால் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. அதற்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்றால் அது கடற்கரை முஸ்லிம்கள்தான். சுவாஹிலியை அரபு எழுத்தில் எழுதினார்கள். கடிதம், கணக்கு, பத்திரம், கவிதை எல்லாம் அதில் உண்டு. பிரிட்டிஷாருக்கு முன் ஆண்ட ஜெர்மானியர் 1892-ல் டாங்காவில் மதச் சார்பில்லாத அரசுப் பள்ளி தொடங்கி, அதில் படித்தவர்களை எழுத்தர்களாகவும் அகிடா என்ற உள்ளூர் அதிகாரிகளாகவும் நாடெங்கும் அனுப்பினார்கள். அரசு இஸ்லாமுக்குச் சாதகமாக நடக்கிறது என்று அப்போது முறையிட்டவர்கள் மிஷனரிகள்!

முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. ஆங்கிலம் வந்தது, மானியம் மிஷன் பள்ளிக்குப் போனது, குர்ஆன் பள்ளி அரசின் கணக்கிலேயே வரவில்லை. தந்தை எழுத்தராக இருந்த வீட்டில் பிள்ளை படிக்காதவன் என்று பெயர் வாங்கினான். ஆகவே "முஸ்லிம்களுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எந்தப் படிப்புக்கு வேலை கொடுப்பது என்பதை அரசு மாற்றியது. அவ்வளவுதான் நடந்தது.

பழைய வாத்தியார் எழுதியது:

1970களின் கடைசியில் கிலிமஞ்சாரோ பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். முன்னாள் மிஷன் பள்ளி, நான் போனபோது அரசுப் பள்ளி. அரசு எடுத்ததால் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

விடுதியில் லிண்டியிலிருந்து வந்த பையனும் புகோபாவிலிருந்து வந்த பையனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பார்கள். அரசு வேண்டுமென்றே ஒரு மாகாணத்துப் பிள்ளையை இன்னொரு மாகாணத்துக்கு அனுப்பியது. நோன்பு மாதத்தில் சமையல்காரர் ஊகாலிக் களியையும் பீன்ஸையும் தனிப் பாத்திரத்தில் மூடி எடுத்துவைப்பார். சூரியன் மறைந்ததும் முஸ்லிம் பையன்கள் சாப்பிடும்போது மற்ற பையன்களும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பாதிரிமார் வைத்த பழைய மாதா சிலை முற்றத்தில் அப்படியே இருந்தது. யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. 120-க்கு மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாடு இவ்வளவு அமைதியாக நிலைத்ததில் இந்த விடுதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆரம்பப் பள்ளியின் கதை வேறு. 1974-ல் முசோமாவில் ஆளும் கட்சி ஒரு தீர்மானம் போட்டது: 1977-க்குள் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்க வேண்டும். இருந்தார்கள்! அவர்களுக்கு வாத்தியார்தான் இல்லை. ஏழாம் வகுப்பு முடித்த பையன்களையும் பெண்களையும் எடுத்து, தபால் வழிப் பாடமும் ரேடியோப் பாடமும் கொடுத்து வாத்தியார் ஆக்கினார்கள். காலையில் பாடம் நடத்துவார்கள், மாலையில் தாங்களே படிப்பார்கள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் வாத்தியாரின் குரல் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு மழை நிற்கும்வரை காத்திருப்பார்கள். அந்த இளம் வாத்தியார்களை நான் மதிக்கிறேன். ஆனால் தரம் விழுந்தது அங்கேதான்.

முதியோர் கல்வியையும் சொல்லியாக வேண்டும். 1967 கணக்கெடுப்பின்போது பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் எழுத்து தெரியும். 1986-ல் அரசு கணக்கின்படி பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியும். அரசு கணக்கு கொஞ்சம் தாராளம்தான், இருந்தாலும் மாற்றம் நிஜம். பருத்தி விளையும் ஊரில் பருத்தியை வைத்துப் பாடப் புத்தகம், ஏரிக்கரையில் மீன்பிடிப்பை வைத்து. 1973-ல் ரேடியோவில் 'மனிதனே ஆரோக்கியம்' என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். ஏறக்குறைய 20 லட்சம் பேர் ஊர் ஊராகக் கூடி உட்கார்ந்து கேட்டு, கேட்டு முடித்ததும் மண்வெட்டியோடு போய்க் கழிப்பறைக் குழி வெட்டினார்கள். ரேடியோ கேட்கும் அந்தக் குழுக்கள் தேவாலயத்துத் திண்ணையிலும் கூடின, பள்ளிவாசல் நிழலிலும் கூடின.

கணக்கர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் உழைத்தவர்களைக் குற்றவாளி ஆக்கும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. 1978-79-ல் இடி அமீனோடு போர், எண்ணெய் விலை, வறட்சி, 1986-ல் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகள். அரசிடம் காசு இல்லை. சுண்ணக்கட்டி வாங்கவே முடியாத நிலை. அப்போது பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் தாங்கிப் பிடித்தது யார்? சபைகள்தானே. 1980களின் இறுதியில் அரசு மேல்நிலைப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகள் அதிகம். அவற்றில் பெரும் பங்கு சபைகளும் ஊர்மக்களும் கட்டியவை. முவான்சாவில் புகாண்டோ ஆஸ்பத்திரியை அரசே 1985-ல் கத்தோலிக்கத் திருச்சபையிடம் திருப்பிக் கொடுத்தது, நடத்த முடியாமல்.

அதனால்தான் 1992-ல் அரசும் சபைகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. இனி அரசுடைமை ஆக்கமாட்டோம், சபைகளின் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உதவி செய்வோம் என்பது சாரம். அப்போது ஜனாதிபதி யார்? அலி ஹசன் முவின்யி, ஒரு முஸ்லிம். கிறிஸ்தவர்களுக்குச் சலுகை என்று சிலர் சொல்கிறார்களே, இதில் சலுகை எங்கே வந்தது? பல மாவட்டங்களில் சபை ஆஸ்பத்திரிதான் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியாகவே இயங்குகிறது. படுக்கையில் கிடப்பவரிடம் எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கடலோரத்தான் எழுதியது:

கணக்கர் அவர்களே, உழைத்தவர்களை யாரும் குறை சொல்லவில்லை. நான் சன்சிபாரில் தொழில் செய்பவன், முஸ்லிம். சபை ஆஸ்பத்திரிகளில் என் குடும்பத்துக்கு நல்ல மருத்துவம் கிடைத்திருக்கிறது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன வரிசையில் ஒரு வருஷம் விட்டுப்போனது. 1968.

1945-ல் மூன்றாம் ஆகா கான் முயற்சியில் கிழக்கு ஆப்பிரிக்க முஸ்லிம் நலச் சங்கம் தொடங்கியது. கென்யா, உகாண்டா, டாங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) மூன்றிலும் பள்ளியும் பள்ளிவாசலும் கட்டினார்கள். டாங்கனிக்கா முஸ்லிம்களுக்கு அரசைச் சாராமல் பள்ளி கட்டத் தெரிந்த ஒரே பெரிய அமைப்பு அதுதான். 1968 டிசம்பரில் அரசு அதைத் தடை செய்தது. அதே வருஷம் பக்வாட்டா என்ற புதிய முஸ்லிம் கவுன்சில் வந்தது, கட்சியோடு நெருக்கமாக. சங்கத்துக்குள் சண்டை இருந்தது உண்மை, தலைவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஆனாலும் விளைவைப் பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஆயர் பேரவை இருந்தது, வெளிநாட்டுத் துறவற சபைகளின் தொடர்பு இருந்தது. லூத்தரன்களுக்கு ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் சகோதர சபைகள் இருந்தன. 1980களில் அரசின் கை தளர்ந்தபோது அவர்கள் கடிதம் எழுதப் பழைய முகவரி இருந்தது. எங்களுக்கு இல்லை. தாருஸ்ஸலாம்வாசி முதல் பதிவில் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

1992 ஒப்பந்தத்தில் என் குறை ஒன்றே ஒன்று. அது இரண்டு கிறிஸ்தவப் பேரவைகளோடு மட்டும் போடப்பட்டது. பள்ளி நடத்தும், ஆஸ்பத்திரி நடத்தும் எந்த மத அமைப்புக்கும் இது பொருந்தும் என்று ஒரு வரி இருந்திருந்தால் பாதிக் கசப்பு வந்திருக்காது.

வரலாற்று மாணவி எழுதியது:

இதோடு கணக்கெடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1967-க்குப் பிறகு தான்சானியக் கணக்கெடுப்பில் மதம் கேட்பதில்லை. ஒற்றுமைக்காகச் செய்தது, நல்ல நோக்கம். ஆனால் எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற அதிகாரபூர்வ எண் இல்லாதபோது ஆளாளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள். 2012 கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று சில முஸ்லிம் அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. எண்ணை மறைத்தால் சந்தேகம் வளரும் என்பதுதான் என் கருத்து.

பழைய வாத்தியார் எழுதியது:

கடலோரத்தான் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம் மதம் ஒன்றையே வைத்து வரைபடத்தைப் பார்த்தால் தெற்கு புரியாது.

கிலிமஞ்சாரோவை எடுங்கள். மிஷன்கள் மலைச்சரிவைத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டன. மச்சாமேயும் மராங்குவும் லூத்தரன், ரொம்போவும் கிபோஷோவும் கத்தோலிக்கம். கூடவே காபி. 1925-லேயே அங்குள்ள சாகா இன விவசாயிகள் காபிக்கு ஒரு சங்கம் வைத்தார்கள், 1933-ல் அது கூட்டுறவு ஒன்றியமாக மாறியது. காபிப் பணம் கையில் வந்ததும் முதல் செலவு பள்ளிக் கட்டணம். வாழையும் காபியும் கலந்த அந்தத் தோட்டங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நிலம் மிகச் சிறியது. நிலம் எல்லா மகனுக்கும் பங்கு வராது, படித்தால்தான் பிழைப்பு என்று ஒவ்வொரு தகப்பனுக்கும் தெரியும். புகோபாவின் ஹாயா மக்கள் கதையும் ஏறக்குறைய இதே.

இப்போது தெற்கே மசாசிக்கு வாருங்கள். ஆங்கிலிக்கன் மிஷன் அங்கே 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பக்கத்தில் நடண்டாவில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் பள்ளியும் ஆஸ்பத்திரியும். மூன்றாம் ஜனாதிபதி பெஞ்சமின் உம்காபா அந்த ஊர்ப் பக்கம்தான். மிஷன் இருந்தும் ஏன் அந்தப் பகுதி பின்தங்கியது? 1905-07 மாஜி மாஜி எழுச்சியை ஜெர்மானியர் அடக்கியபோது வயல்களைக் கொளுத்தினார்கள், பஞ்சத்தில் ஊர் ஊராகச் செத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர் கொண்டுவந்த நிலக்கடலைத் திட்டம் நச்சிங்வேயாவில் படுதோல்வி. ரூஃபிஜி ஆற்றுக்குப் பாலம் 2003-ல்தான் திறந்தார்கள். அதுவரை மழைக்காலத்தில் தெற்கு தனித்தீவு. அந்தத் தெற்கில் கிறிஸ்தவப் பிள்ளையும் படிக்கவில்லை, முஸ்லிம் பிள்ளையும் படிக்கவில்லை. மேல்நிலைப் பள்ளி இடங்களுக்கு அரசு மாவட்ட ஒதுக்கீடு கொண்டுவந்தது இதற்காகத்தான். மலைச்சரிவு மக்களுக்கு அது பிடிக்கவில்லை. மதிப்பெண் இருந்தும் இடம் இல்லையா என்று கோபப்பட்டு, சொந்தமாகப் பள்ளி கட்டினார்கள். இடைவெளி மறுபடி விரிந்தது.

கம்பாலாக்காரி எழுதியது:

உகாண்டாவிலிருந்து ஒரு குறிப்பு. இங்கேயும் 1960களில் அரசு பள்ளிகளைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனால் நிறுவிய சபையோ முஸ்லிம் அமைப்போ வெளியேறவில்லை, பள்ளிக்குழுவில் இன்றும் அவர்களுக்கு இடமும் குரலும் உண்டு. சம்பளம் அரசு, பெயரும் பாரம்பரியமும் நிறுவியவர்களுடையது. கென்யாவிலும் 1968 சட்டப்படி சபைகள் ஆதரவாளர் என்ற நிலையில் தொடர்ந்தன. தான்சானியா மட்டும்தான் ஒரேயடியாக வெட்டியது. உகாண்டா முறையில் பழைய பள்ளிகளின் தரம் தப்பித்தது. ஆனால் இந்தப் பள்ளி கத்தோலிக்கருக்கு, அந்தப் பள்ளி ஆங்கிலிக்கனுக்கு என்ற பிரிவும் தப்பித்தது. அரசியல் கட்சிகளே அந்தக் கோட்டில் பிரிந்த நாடு இது. என்னைக் கேட்டால், நியெரேரே கொடுத்த விலை அதிகம், வாங்கிய பொருளும் பெரியது.

தாருஸ்ஸலாம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய நிலைக்கு வருவோம். 2006-க்குப் பிறகு வார்டுக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி என்று 'ஷுலே சா காட்டா' பள்ளிகள் நாடெங்கும் எழுந்தன. அரசு கூரைக்கும் வாத்தியாருக்கும் பொறுப்பு, சுவர் ஊர்மக்கள் பொறுப்பு. எங்கள் அலுவலகத்து ஓட்டுநரின் ஊர் கோஸ்ட் மாகாணத்தில் இருக்கிறது. அவரோடு போயிருந்தபோது நேரில் பார்த்தேன். பெண்கள் ஆற்று மணலை வாளியில் சுமந்து கொட்டுகிறார்கள், ஆண்கள் சிமென்ட் கல் அறுக்கிறார்கள், கிராம அலுவலர் நோட்டில் வீட்டுப் பெயர்களை டிக் அடிக்கிறார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இமாம் யார் யார் இன்னும் பங்கு தரவில்லை என்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரும் அதையே செய்வார் என்றார்கள். மத அமைப்பும் ஊர் முன்னேற்றமும் சேரும் இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

வாரத்தில் ஒரு பாட வேளை மத வகுப்பு. மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஓர் அறையில் உஸ்தாத், இன்னொன்றில் உபதேசியார். அரை மணி நேரம் கழித்து எல்லோரும் மறுபடி அதே பெஞ்சுக்கு. பார்க்கவே நிறைவாக இருந்தது.

ஆனால் சுவர் எழுந்த வேகத்தில் அறிவியல் வாத்தியார் வரவில்லை. ஆரம்பப் பள்ளி முழுக்க சுவாஹிலி, மேல்நிலையில் திடீரென்று ஆங்கிலம். 2012 நான்காம் படிவத் தேர்வில் (மேல்நிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டு) பாதிக்கு மேல் பிள்ளைகள் தோற்றார்கள். நாடே அதிர்ந்தது. 2016 முதல் நான்காம் படிவம்வரை கட்டணம் இல்லை, கூட்டம் இன்னும் கூடியது. வசதி உள்ளவர்கள், முஸ்லிம் குடும்பங்கள் உட்பட, சபைப் பள்ளிக்குப் போகிறார்கள். பகமோயோ பழைய முஸ்லிம் துறைமுக நகரம், அங்கேதான் மரியன் பெண்கள் பள்ளி நாட்டின் முன்னணியில் நிற்கிறது.

கடலோரத்தான் எழுதியது:

எங்கள் பக்கத்திலும் வேலை நடக்கிறது, அதையும் பதிவு செய்கிறேன். 2005-ல் மொரோகோரோவில் முஸ்லிம் பல்கலைக்கழகம் வந்தது. மின்வாரியத்தின் பழைய பயிற்சி வளாகத்தை உம்காபா அரசு கொடுத்தது. பலர் இதைக் குறிப்பிடுவதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மதரசா முன்பள்ளிகள். மொம்பாசாவில் 1980களில் பீ ஸ்வாஃபியா சயீத் என்ற ஆசிரியை ஆகா கான் அறக்கட்டளையின் உதவியோடு தொடங்கியது, 1990-ல் சன்சிபாருக்கு வந்தது. குர்ஆன் ஓதும் அதே அறையில் சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டு, எண், கதை. பொம்மைக்குக் கடையில் காசு கொடுப்பதில்லை. தேங்காய்ச் சிரட்டை, சோடா மூடி, சிப்பி, விதை எல்லாவற்றையும் கழுவி, தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதை வைத்துத்தான் எண்ணிப் பழகுகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் அதே ஊர்ப் பெண்கள், நிர்வாகம் ஊர்க்குழு. பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய தாய்மார் இதற்குத் தயங்கவில்லை, ஏனென்றால் இது அவர்களுடைய இடம். மதத்தை ஒதுக்கி வைக்காமல் மதத்தின் வாசல் வழியாகவே படிப்பைக் கொண்டுபோகலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு இது.

கணக்கர் எழுதியது:

1992 ஒப்பந்தத்தை எல்லோருக்கும் விரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மாவட்டவாரியாக எந்த அமைப்புக்கு எவ்வளவு மானியம் போகிறது என்று ஊர்ப் பலகையில் எழுதிப் போடட்டும். பள்ளிகளுக்கு வரும் பணத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் ஏற்கெனவே உண்டுதானே.

ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் சங்கத்தில் சிலர் ஒரு வார்டுப் பள்ளிக்கு உதவ நினைக்கிறோம். கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கலாமா?

தாருஸ்ஸலாம்வாசி எழுதியது:

வேண்டாம். மின்சாரமே நிலையாக இருக்காது. பெண்கள் விடுதிக்குக் கொடுங்கள்.

வார்டுப் பள்ளி என்றாலும் பல பிள்ளைகளுக்கு வீடு வெகுதூரம். பெண் பிள்ளைகள் இருட்டோடு கிளம்பி நடக்கிறார்கள், அல்லது பள்ளிக்கு அருகே இரண்டு மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்துத் தாங்களே சமைத்துத் தங்குகிறார்கள். அங்கேதான் ஆபத்து. கர்ப்பமான மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. 2021 நவம்பரில்தான் பிள்ளை பெற்ற பிறகு திரும்பிவந்து படிக்கலாம் என்று அரசு அறிவித்தது. விடுதி இருந்தால் அந்த நிலைக்கே பல பெண்கள் வரமாட்டார்கள்.

பணத்தைத் தனி ஆளிடம் கொடுக்காதீர்கள். பள்ளிக்குழுவில் தலைமையாசிரியர், பெற்றோர், கிராம அலுவலர் இருப்பார்கள். இமாமையும் உபதேசியாரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள், அவர்கள் முன்னால் தொகையைச் சொல்லுங்கள். சுவருக்கான உழைப்பை ஊர் தரும். நீங்கள் தகரத்துக்கும் கட்டிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கொடுங்கள். எந்த மாவட்டம் என்று தனிமடலில் எழுதுங்கள் கணக்கர், அடுத்த மாதம் நான் தெற்கே போகிறேன், பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.